பெயிண்ட் கடைசி வேலை: பழைய கவச வண்டிகளைச் சீரமைப்போர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய டாங்கியோ கவச வண்டியோ 'புதுப்பிக்கப்பட்டது' என்று செய்தி வரும்போதெல்லாம், கூட வரும் படத்தில் தெரிவது புதுப் பெயிண்ட் மட்டும்தான். வண்டியின் வயிற்றுக்குள் என்ன நிலைமை என்று ஒரு வரியும் இருப்பதில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்து இரும்பின் மேல் அக்கறை உள்ளவர்களுக்கு இதைப் படிக்கவே வேதனையாக இருக்கிறது. இந்த வண்டிகளை அழிப்பதில் மழைக்கு அடுத்த இடம் அவசரப் பெயிண்டுக்குத்தான். துருவின் மேல் அடித்த பெயிண்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். வெளியே பச்சையாக இருக்கும். அடித்தட்டு உள்ளிருந்து அப்பளமாகிக்கொண்டிருக்கும். மேல்மூடி வழியாகவும் ரிவெட் இணைப்புகள் வழியாகவும் இறங்கிய தண்ணீர் வெளியேறுவதற்கென்றே அடியில் வடிகால் துளைகள் வைத்திருக்கிறார்கள். அந்தத் துளைகளையும் சேர்த்துப் பெயிண்டால் அடைத்துவிட்டால், வண்டி ஒரு தொட்டிதான்.

பொதுவாகப் பேசினால் பயனில்லை. ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு சொல்கிறோம்: யுனிவர்சல் கேரியர். பிரென் கேரியர் என்று பலரும் சொல்வது இதைத்தான். பிரிட்டனில் உருவாகி, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலும் கட்டப்பட்ட, மேற்கூரை இல்லாத சிறிய சங்கிலிப்பட்டை வண்டி. எல்லா வகைகளும் சேர்த்துச் சுமார் 1,13,000 வண்டிகள் என்பது கணக்கு. கவச வண்டிகளில் இந்த எண்ணிக்கையைத் தொட்டவை வேறில்லை என்றே சொல்லலாம். வட ஆப்பிரிக்கா, இத்தாலி, பர்மா என்று இந்தியப் படைகள் போன இடத்துக்கெல்லாம் இதுவும் போனது. சுமார் நாலு டன் எடை, 7 முதல் 10 மில்லிமீட்டர் கவசம், நடுவில் ஃபோர்டு வி-8 என்ஜின். பெரிய டாங்கிக்குக் கிரேனும் கொட்டகையும் வேண்டும். இதை ஒரு நல்ல லாரிப் பட்டறையிலேயே பிரித்துப் பூட்டலாம். அதனால்தான் உலகம் முழுவதும் தனியார் அதிகம் சீரமைக்கிற வண்டிகளில் இதுவும் ஒன்று. தவறுகள் அதிகம் நடப்பதும் இதில்தான்.

ஸ்பேனரைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. இருக்கைக்கு அடியிலும் பக்கவாட்டுப் பெட்டிகளிலும் சேறு கட்டியிருந்தால் கையை விட்டுத் துழாவக் கூடாது. தோட்டாவோ வெடிபொருளோ கிடந்தால் தொடாமல் காவல் துறைக்குச் சொல்ல வேண்டும். எண்பது வருடம் ஆனதால் அது செத்துவிட்டது என்று எண்ணுவது உயிரோடு விளையாடுவது. இருட்டில் ஒளிரும்படி செய்த பழைய அளவுமானிகளின் முகப்பில் ரேடியம் பூச்சு இருக்கும். ஒளி மங்கியிருந்தாலும் கதிர்வீச்சு குறைந்திருக்காது. கண்ணாடியைத் திறக்காமல், சுரண்டாமல், தனியே கட்டி ஒதுக்கி வைத்துவிட்டு மாற்று மானியைப் பொருத்துங்கள். பிரேக் லைனிங்கும் புகைக்குழாய்ச் சுற்றும் ஆஸ்பெஸ்டாஸ். ஏர் அடித்துத் தூசியைக் கிளப்பாமல், நனைத்துத் துடைத்து எடுத்துப் பையில் கட்ட வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் உண்டு. மங்கிய பொன்னிறப் பூச்சுள்ள போல்ட்டுகளில் காட்மியம் இருக்கலாம். அவற்றின் மேல் கேஸ் தீயைக் காட்டினால் எழும் புகை நுரையீரலைக் கெடுக்கும்.

அடுத்தது பதிவு. எந்த போல்ட் எந்தப் பக்கத்திலிருந்து செருகப்பட்டிருக்கிறது, எந்த ஒயர் எந்தக் கிளிப்பில் போகிறது என்பதெல்லாம் பிரித்த பத்தாம் நாள் மறந்துவிடும். அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். கழற்றிய போல்ட்டுகளை அந்தந்த இடத்தின் பெயர் எழுதிய டப்பாவில் போடுங்கள். பழைய பெயிண்டையும் ஒரு ஆவணமாகவே பார்க்க வேண்டும். பக்கத் தகட்டில் ஒரு அடி இடத்தை 400, பிறகு 600, பிறகு 800 நம்பர் வாட்டர் பேப்பர் கொண்டு, தண்ணீர் விட்டு, வட்ட வட்டமாக மெதுவாகத் தேய்த்துக்கொண்டு வந்தால், மரத்தின் ஆண்டு வளையம்போல அடுக்குகள் விரியும். மேலே யாரோ அடித்த எனாமல், அதன் கீழே பண்ணைக்காரர் பூசிய சிவப்பு, அதற்கும் கீழே ராணுவத்தின் மங்கிய பச்சை, அதற்கடியில் பழுப்பு. பொறுமையாகப் போனால் போர்த்துறை எழுதிய பதிவு எண் நிழலாகத் தெரியும். சங்கிலிப்பட்டை வண்டிகளுக்கு 'டி' (T) என்ற எழுத்தில் தொடங்கும். கனடா ஒப்பந்தத்தில் வந்தவற்றுக்கு முன்னால் 'சி'யும் சேரும். வண்டி எங்கே, எந்த ஒப்பந்தத்தில் கட்டப்பட்டது என்று தேட அந்த ஒரு எண்தான் நூல்முனை. முதல் நாளே மணலடித்துவிட்டால் (காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சித் தேய்த்துவிட்டால்) அது போனது போனதுதான். மறுபடி கிடைக்க வழியே இல்லை.

பிரிக்கத் தொடங்கியதும் முதலில் தடுமாற வைப்பது மரை. பிரிட்டனில் கட்டிய கேரியரின் உடலில் விட்வொர்த், பி.எஸ்.எப். என்ற பிரிட்டிஷ் மரைகள் வரும்; ஃபோர்டு என்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் எல்லாம் அமெரிக்க மரை. ஒரே வண்டியில் இரண்டு உலகம். அரை அங்குல விட்வொர்த்துக்கு அங்குலத்துக்கு 12 மரை, அமெரிக்கக் கரட்டு மரைக்கு 13. இது இரண்டு சுற்றிலேயே முரண்டு பிடித்துத் தெரிந்துவிடும். ஆபத்து 3/8 அங்குலத்தில்தான். இரண்டுக்குமே 16 மரை. நட்டு சுகமாக ஏறும்; இறுகவும் செய்யும். ஆனால் விட்வொர்த்தின் மரைக் கோணம் 55 டிகிரி, அமெரிக்க மரையின் கோணம் 60 டிகிரி. பல்லின் பக்கம் முழுதாகப் படியாமல் விளிம்பில் மட்டும் தாங்கும். வண்டி பத்து கிலோமீட்டர் அதிர்ந்து ஓடியதும் தளர்ந்துவிடும். 'இறுக்கித்தானே பூட்டினோம்' என்று புரியாமல் தவிப்பவர்கள் மரை அளவுச் சீப்பை வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விடை கிடைக்கும். இந்தச் சீப்பு இரண்டு முறைக்கும் தனித்தனியாக வேண்டும். ஒன்றை வைத்து ஒப்பேற்றக் கூடாது.

தகடுகளில் எது கவசம், எது சாதா இரும்பு என்று தெரிய ஒரு அரம் போதும். சாதா இரும்பில் அரம் கடிக்கும், துகள் விழும். கவசத் தகட்டில் வழுக்கிக்கொண்டு போகும். போர் முடிந்தபின் ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் நிறைய கேரியர்கள் பண்ணைகளுக்கு விற்கப்பட்டு, பக்கத் தகடுகள் அறுக்கப்பட்டு, டிராக்டராக உழைத்தன. அப்படி வந்த உடலில் இல்லாத தகட்டைச் சாதா இரும்பில் செய்து போடுவதில் தவறில்லை. அந்த வண்டி இனி குண்டு தாங்கப் போவதில்லை. ஆனால் புதுத் தகட்டின் உள்பக்கத்தில் செய்த ஆண்டை எண் உளியால் பதித்துவிட வேண்டும். நாளைக்குப் பார்ப்பவர் எது அசல், எது மாற்று என்று குழம்பக் கூடாது. இருக்கிற அசல் தகட்டை கேஸ் கட்டரால் வெட்டவே கூடாது. அந்தச் சூடு சுற்றிலும் இரும்பின் பதத்தை இறக்கிவிடும். விரிசலைப் பற்றவைத்தே ஆக வேண்டும் என்றால், அடுப்பில் உலர்த்திய குறை ஹைட்ரஜன் ராடு அல்லது 307 வகை ஸ்டெயின்லெஸ் ராடு, ஏறக்குறைய 150 டிகிரி முன்சூடு, குட்டிக் குட்டித் தையல், மெதுவாக ஆறவிடுதல். ஈரமான சாதா ராடில் இழுத்த தையல் அன்று நன்றாகத்தான் இருக்கும். மறுநாள் காலையில் ஓரத்திலேயே புதிதாக ஒரு கோடு விட்டிருக்கும்.

இரண்டு தகடு சேரும் இடத்தில் துரு புகுந்துவிட்டால் தகடே உப்பி எழும்பும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த விசைக்கு ரிவெட் தலைகள் தெறித்துவிடும். மேலே பட்டி பார்த்து மறைப்பவர்கள் உண்டு. அங்கே ரிவெட்டை எடுத்து, தகட்டைப் பிரித்து, உள்முகத்தைச் சுத்தம் செய்து, பிரைமர் அடித்து, மறுபடி ரிவெட் அடிப்பது ஒன்றே வழி. தலையைக் கிரைண்டரால் தகடு தொடாமல் தேய்த்து எடுத்து, நடுவில் துளையிட்டு, துளைக்கோலால் தட்டித் தள்ள வேண்டும். புது ரிவெட்டின் நீளம் இரு தகட்டின் மொத்தக் கனத்தோடு, தண்டின் குறுக்களவைப் போல ஒன்றரை மடங்கு கூடுதல்: 3/8 அங்குல ரிவெட்டுக்கு 9/16 அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குறைந்தால் தலை முழுதாக உருளாது. கூடினால் தலையைச் சுற்றி விசிறிபோல இரும்பு பிதுங்கும். சுமார் 1,000 டிகிரியில், பழுத்த ஆரஞ்சு நிறத்தில் இடுக்கியால் எடுத்து, துளையில் செருகி, பின்னால் ஒருவர் கனமான தாங்குகட்டையை அழுத்திப் பிடிக்க, முன்னால் ஏர் சுத்தியல் இறங்க வேண்டும். நிறம் கருஞ்சிவப்புக்கு இறங்கும் முன் தலை உருண்டிருக்க வேண்டும். அதன்பின் அடிப்பது வீண் மட்டுமில்லை, தலையில் விரிசலும் விடும். ஆறும்போது ரிவெட் சுருங்கித் தகடுகளை ஒன்றோடொன்று கவ்வும். வட்டத்தலை போல்ட்டைப் போட்டு ரிவெட் மாதிரிக் காட்டுகிறவர்கள் இழப்பது அந்தக் கவ்வலைத்தான்.

துரு நீக்க எல்லாவற்றையும் மணலடிக்க அனுப்ப வேண்டாம். கனத்த தகட்டுக்குச் சரி. ஒன்றரை மில்லிமீட்டர் மட்கார்டுக்கு அதே அழுத்தம் கொடுத்தால் அலை அலையாக நெளிந்து வந்து நிற்கும். ஆற்று மணலில் உள்ள சிலிக்கா தூசி நுரையீரல் நோயைக் கொடுக்கும். கார்னெட் துகளைப் பயன்படுத்துங்கள். சிறு பாகங்களுக்கு மின்பகுப்பு அருமையான முறை: பத்து லிட்டர் தண்ணீருக்கு சுமார் 50 கிராம் சலவைச் சோடா, 12 வோல்ட் சார்ஜரின் மைனஸ் முனையில் துருப்பிடித்த பாகம், பிளஸ் முனையில் பழைய சாதா இரும்புத் தகடு. ஸ்டெயின்லெஸ் தகட்டை வைத்தால் நச்சுக் குரோமியம் தண்ணீரில் கரையும். வரும் குமிழி ஹைட்ரஜன், ஆகவே திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். சஸ்பென்ஷன் சுருள்வில்களை மட்டும் அமிலத்திலும் போடாதீர்கள், இந்தத் தொட்டியிலும் போடாதீர்கள். கெட்டிப் பதம் ஏற்றிய எஃகு ஹைட்ரஜனை உறிஞ்சினால் நொறுங்கும் குணம் வந்துவிடும். சுத்தமான இரும்பு தெரிந்த அன்றைக்கே பிரைமர் ஏற வேண்டும். கடற்கரைக் காற்றில் ஒரு மணி நேரத்திலேயே மஞ்சள் பூத்துவிடும்.

இனி என்ஜின். இதில்தான் பணமும் பொறுமையும் கரையும். 221 கன அங்குல ஃபோர்டு வி-8. துளை 3 1/16 அங்குலம், ஓட்டம் 3¾ அங்குலம். பிரிட்டனில் செய்தது, அமெரிக்காவில் செய்தது, கனடாவில் செய்தது என்று மூன்று ஊர் என்ஜின்கள் இந்த வண்டிகளில் வரும். வகையைப் பொறுத்து 65 அல்லது 85 குதிரைசக்தி. வால்வுகள் ஹெட்டில் இல்லை, பிளாக்கிலேயே இருக்கின்றன. இறுகிக் கிடக்கும் என்ஜினை வண்டியோடு கட்டி இழுத்துச் சுற்ற வைப்பது பெரும்பாவம். கனெக்டிங் ராடு வளையும், ஒட்டிக்கொண்ட வால்வு உடையும். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சம அளவில் கலந்து ஊற்றி, ஒரு வாரமாவது விட்டுவிடுங்கள். நெருப்பை அண்ட விடாதீர்கள். பிறகு பிளைவீல் பல்லில் கம்பி கொடுத்து முன்னும் பின்னும் மில்லிமீட்டர் கணக்கில் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் பாதி வெற்றி. அசையாவிட்டால் மறுபடி ஊற்றிக் காத்திருப்பதுதான்.

ஹெட் ஒவ்வொன்றிலும் 24 ஸ்டட் உள்ள வகைதான் இவற்றில் அதிகம். ஸ்டட்டுகள் தண்ணீர் அறைக்குள் இறங்குவதால் நடுவில் அரித்துப் பென்சில்போல மெலிந்திருக்கும். பலம் போட்டுத் திருப்பினால் பிளாக்கின் மட்டத்திலேயே ஒடியும். சுற்றியுள்ள வார்ப்பைச் சூடாக்கி, மெழுகுவத்தியை மரையோரம் தொட்டால் உருகி உள்ளே இழுத்துக்கொள்ளும். கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். பூட்டும்போது ஸ்டட்டின் மரைக்குக் கட்டாயம் சீலன்ட் தடவ வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் மரை வழியே ஏறி நட்டுக்கு மேல் கசியும், கேஸ்கெட்டின் மேல் பழி விழும்.

வால்வு கழற்றுவதில் கைதேர்ந்த மெக்கானிக்கும் திணறுவார். இந்த என்ஜினில் வால்வுத் தண்டின் அடிப்பகுதி காளான்போல விரிந்திருக்கும். கைடு இரண்டு பாதிகளாகத் தண்டை அணைத்திருக்கும். லாடம்போன்ற ஒரு தகடு கைடைத் தாங்கி நிற்கும். தற்கால வழக்கப்படி ஸ்பிரிங்கை அமுக்கிப் பூட்டைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. இதற்கென்றே உள்ள கொக்கிக் கம்பியால் கைடைக் கீழே இழுத்து, லாடத்தைப் பக்கவாட்டில் உருவி, வால்வு, ஸ்பிரிங், கைடு எல்லாவற்றையும் ஒரே கொத்தாக மேலே தூக்க வேண்டும். துருப்பிடித்துக் கைடு அசையவில்லை என்றால் வால்வின் தலையை அறுத்துவிட்டு அடியிலிருந்து தட்டுவது மேல். ஒரு வால்வு போனால் போகட்டும், பிளாக் தப்பும். வால்வைத் தள்ளும் டாப்பெட்டுகளில் திருகி அட்ஜஸ்ட் செய்யும் வசதி கிடையாது. வால்வுத் தண்டின் நுனியைத் தேய்த்துத்தான் இடைவெளி வைக்க வேண்டும். இன்லெட்டுக்கு 10 முதல் 12 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), எக்ஸாஸ்ட்டுக்கு 14 முதல் 16 தவ். ஒரு தவ் அதிகம் தேய்த்துவிட்டால் வால்வு சீட்டை மறுபடி வெட்டிச் சரிக்கட்ட வேண்டியிருக்கும்.

இந்த என்ஜின் சூடாகும் என்று ஊரெல்லாம் பேச்சு. காரணம் இருக்கிறது. எரிந்த புகை வி-யின் நடுவிலிருந்து தண்ணீர் அறைகளைக் கடந்து பிளாக்கின் இரு பக்கமும் வெளியேறுகிறது. போகிற வழியெல்லாம் தண்ணீரைச் சூடாக்குகிறது. அத்தோடு தொழிற்சாலையில் வார்த்தபோது தங்கிய கருமணலும் எண்பது வருடத் துருவும் அறையின் அடியில் கட்டியாகக் கிடக்கும். கெமிக்கல் குளியலில் அது போகாது. பிளாக்கின் துளைகளை மூடும் வெல்ச் பிளக்குகளை எடுத்துவிட்டு, வளைந்த கம்பியாலும் பழைய கிளட்ச் கேபிளாலும் குடைந்து, ஏர் அடித்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ரேடியேட்டரை மாற்றிப் பார்த்தும் சூடு குறையவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலானோர் இந்தக் கருமணலைத் தேடியிருக்க மாட்டார்கள். இன்னொன்று: இரண்டு பக்கத்துச் சிலிண்டர் வரிசைக்கும் தனித்தனித் தண்ணீர் பம்ப். ஒன்று செத்துவிட்டால் அந்தப் பக்கம் மட்டும் கொதிக்கும். மானி மறுபக்க ஹெட்டில் இருந்தால் ஊசி அமைதியாக நிற்கும்.

சுத்தம் செய்த பிளாக்கை, விரிசலைக் காட்டும் காந்தத்தூள் சோதனைக்குக் கொடுக்காமல் ஒரு ரூபாயும் மேற்கொண்டு செலவழிக்காதீர்கள். ஸ்டட் துளைக்கும் தண்ணீர்த் துளைக்கும் நடுவே மயிரிழை விரிசல் இருப்பது சகஜம், உலோகப் பின்களால் தைத்துச் சரிசெய்யலாம். வால்வு சீட்டிலிருந்து சிலிண்டருக்குள் ஓடும் விரிசலோ எக்ஸாஸ்ட் பாதைக்குள் விரிசலோ இருந்தால் வேறு பிளாக் தேடுவதே புத்திசாலித்தனம். சிலிண்டர் தேய்மானம் 10 தவ்வைத் தாண்டினால் போரிங். பூட்டும்போது ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில் 20, 35, 50 அடி-பவுண்டு என்று மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். 50 என்பது வார்ப்பிரும்பு ஹெட்டுக்கு. அலுமினிய ஹெட்டுக்கு 40 போதும். சில தடவை சூடாகி ஆறியபின் மறுபடி பார்க்க வேண்டும். பாயின்ட் இடைவெளி 14 முதல் 16 தவ், பிளக் 25 தவ், தீப்பொறி வரிசை 1-5-4-8-6-3-7-2. முதலில் உயிர் கொடுக்கும் முன் பிளக் இல்லாமல் சுற்றி ஆயில் அழுத்தம் ஏறியதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் பற்றியும் சொல்ல வேண்டும். இதன் பெட்ரோல் பம்ப் என்ஜினின் மேலேயே சூட்டில் உட்கார்ந்திருக்கிறது. பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி ஓட்டம் நின்றுபோவது அன்றைக்கே இருந்த குறை. இன்று பங்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் அதைக் கூட்டும், பழைய ரப்பர் டயாபிரமையும் கரைக்கும், டேங்குக்குள் முன்னொரு காலத்தில் பூசிய சீலன்ட்டைத் தோலாக உரித்து ஜெட்டில் அடைக்கும். எத்தனால் தாங்கும் ஃபுளோரோ ரப்பர் டயாபிரமும் குழாய்களும் போட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு துணை மின்பம்ப் வைப்பதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. துளை போடாமல் கிளாம்ப்பில் வைத்தால் சரி. ஒயரிங் முழுவதும் புதிதாகவே போட வேண்டும். பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்சும் கை எட்டும் தூரத்தில் தீயணைப்பானும் இல்லாமல் ஓட்டக் கூடாது.

கேரியரின் அழகே அதன் ஸ்டீயரிங்தான். டாங்கிபோல நெம்புகோல் கிடையாது, கார்போல வட்டச் சக்கரம். கொஞ்சம் திருப்பினால் முன்னால் உள்ள இரட்டைச் சக்கரத் தொகுப்புகளைத் தாங்கும் குறுக்குக் குழாய் பக்கவாட்டில் நகரும். சங்கிலிப்பட்டையே வில்போல வளைந்து வண்டி மெல்லத் திரும்பும். இன்னும் திருப்பினால்தான் உள்பக்கத்துப் பிரேக் பிடித்து வண்டி வெட்டித் திரும்பும். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் அந்தக் குறுக்குக் குழாய் தன் புஷ்களில் துருப்பிடித்து இறுகியிருக்கும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் ஒவ்வொரு சின்னத் திருப்பத்தையும் பிரேக்கே செய்ய வேண்டியிருக்கும். டிரம் நீலம் பாயும், லைனிங் கருகும், ஓட்டுபவரின் தோள்பட்டை இற்றுவிடும். 'கேரியர் ஓட்டக் கடினம்' என்ற பெயர் பாதி இதனால் வந்தது. குழாயை வெளியே எடுத்து, மேற்பரப்பைப் பாலிஷ் செய்து, புஷ் மாற்றி, கிரீஸ் வழிகளைக் கம்பி விட்டுத் திறந்து, கையால் தள்ளினால் நகரும் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். குழாய் முழுதும் நகர்ந்த பிறகே பிரேக் பிடிக்கத் தொடங்க வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும் ஒரே அளவில்.

சங்கிலிப்பட்டையில் கண்ணிக்குக் கண்ணி 1¾ அங்குலம். பத்துக் கண்ணியை இழுத்துப் பிடித்து அளந்தால் 17½ அங்குலம் வர வேண்டும். 18 வந்தால் கண்ணிகளை இணைக்கும் பின்களும் துளைகளும் தேய்ந்துவிட்டன. தொளதொளவென்று ஆனதும் ஒரு கண்ணியைக் கழற்றி இறுக்குவது வழக்கம். இறுக்கம் வரும், கண்ணி இடைவெளி மாறாது. பின்னால் உள்ள ஓட்டும் பல்சக்கரத்தின் பல்லுக்கு மேல் கண்ணி ஏறி, திருப்பத்தில் பட்டையே கழன்று விழும். தேய்ந்த பட்டைக்குப் புதுப் பல்சக்கரமோ, தேய்ந்த பல்சக்கரத்துக்குப் புதுப் பட்டையோ போட்டால் புதியதும் சீக்கிரமே கெடும். பல் ஒரு பக்கம் மட்டும் கொக்கிபோலத் தேய்ந்திருந்தால் இடது வலது மாற்றிப் போட்டு இன்னொரு ஆயுள் வாங்கலாம். சக்கரத்து ரப்பர் வளையம் ஓரத்தில் விரலை விட்டால் பிரிகிறதா என்று பாருங்கள். பிரிந்தால் வெளியே வெடிப்பே இல்லாவிட்டாலும் மறு வல்கனைசிங்தான். பசை போட்டு ஒட்டினால் முதல் திருப்பத்திலேயே உரியும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் பெயிண்ட். நிறத்தை 'ராணுவப் பச்சை' என்று கடையில் கேட்டு வாங்கக் கூடாது. பிரிட்டிஷ் வண்டிகள் போரின் தொடக்கத்தில் காக்கிப் பச்சை. நடுவில், பச்சை நிறமி தட்டுப்பாட்டால், எஸ்.சி.சி. 2 என்ற பழுப்பு, 1944-இலிருந்து எஸ்.சி.சி. 15 என்ற ஆலிவ் நிறம். கட்டிய ஆண்டும் சேவை செய்த இடமும் தெரிந்தால் நிறமும் தெரியும். வாட்டர் பேப்பரால் முன்பு பார்த்த அடுக்கு அதை உறுதி செய்யும். மினுமினுப்பே இல்லாத மட்டப் பெயிண்ட் வேண்டும். போரில் பளபளப்பு எதிரிக்குக் காட்டிக்கொடுக்கும்.

மாற்றியதை மறைக்காமல் சொல்வது எப்படி என்பதற்கு நல்ல உதாரணம் இங்கிலாந்தில் பவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தின் டைகர் 131. 1943-இல் துனிசியாவில் பிடிபட்ட அந்த ஜெர்மன் டாங்கியின் அசல் என்ஜின் மேபாக் எச்.எல். 210. அது காட்சிக்காக முன்பே அறுத்துத் திறக்கப்பட்டிருந்ததால், டைகர் 2-இன் எச்.எல். 230 என்ஜினைப் பொருத்தி ஓட வைத்திருக்கிறார்கள். அதை யாரும் ஒளிக்கவில்லை. 1990-இல் பிரிக்கத் தொடங்கிய வண்டி ஓடும் நிலையில் திரும்ப 2003 டிசம்பர் ஆனது. சரியான நிறத்தோடு வேலை நிறைவடைந்தது 2012-இல். பிரித்துப் பூட்டுவதற்கு அஞ்ச வேண்டாம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1948-இல் ஸ்டூவர்ட் டாங்கிகளின் மேற்கோபுரங்களைக் கழற்றி ரகசியமாகக் காஷ்மீருக்குள் கொண்டுபோய், மறுபடி பூட்டி, நவம்பர் 1 அன்று ஜோஜிலா கணவாயில் இறக்கினார்கள். கழுதைப் பாதையை டாங்கி ஏறும் பாதையாக வெட்டிக் கொடுத்தது ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ். போர்க்களத்துக் குளிரில் முடிந்தது கொட்டகை நிழலில் முடியும்.

ஓட வைக்க வசதி இல்லாமல் மேடையில் நிறுத்தி வைக்கிறவர்களும் செய்யக்கூடியது நிறைய. எண்ணெய், தண்ணீர், பெட்ரோல் அனைத்தையும் வடித்துவிடுங்கள். பேட்டரியை எடுத்துவிடுங்கள். அடித்துளைகளை மழைக்கு முன்னும் பின்னும் கம்பி விட்டுத் திறங்கள். சக்கர ரப்பர் தரையை அழுத்தாதபடி உடலின் அடியில் கட்டை கொடுங்கள். மேலே ஒரு கூரை போடுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாயை இறுகக் கட்டினால் உள்ளே வேர்த்து ஊறும். ஓடும் வண்டி என்றால் மாதம் ஒருமுறை முழுச் சூடு ஏறும்வரை ஓட்டுங்கள். ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்தால் ஆயிலுக்குள் தண்ணீர் சேர்வதுதான் மிச்சம்.

தங்கள் நாளிதழுக்கு எங்கள் வேண்டுகோள்: இத்தகைய செய்தி எழுதும் நிருபர்கள் அடித்தட்டு திறந்து பார்க்கப்பட்டதா, பழைய எண் பதிவு செய்யப்பட்டதா, எந்தப் பாகங்கள் புதியவை என்ற மூன்று கேள்விகளைக் கேட்டு எழுத வேண்டும். வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறோம். 1926-இல் இந்தியாவில் தொழில் தொடங்கிய ஃபோர்டு, கனடா ஃபோர்டின் கிளைதான். ஆகவே அந்தக் காலத்து வி-8 கார், லாரிகளின் பிஸ்டன், டிஸ்ட்ரிபியூட்டர், தண்ணீர் பம்ப், வால்வு எடுக்கும் கொக்கிக் கம்பி, பழைய பாகப் பட்டியல் புத்தகம் இவையெல்லாம் நம் ஊர்ப் பழைய பட்டறைகளின் பரணில் இன்னும் கிடக்க வாய்ப்புண்டு. இடத்தைக் காலி செய்யும்போது எடைக்குப் போட்டுவிடாமல், சீரமைப்பில் இருப்பவர்களுக்கோ அகில்யாநகர் (முன்பு அகமத்நகர்) டாங்கி அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்கோ தெரிவியுங்கள். பாகத்தின் மேல் வார்த்திருக்கும் எண்ணைப் படித்துச் சொன்னாலே போதும், அது எதில் பொருந்தும் என்று கண்டுபிடித்துவிடலாம்.

இப்படிக்கு,
பழைய ராணுவ வாகனச் சீரமைப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
ஆவடி